கண் தாழாத அண்ணன்

அண்ணன் பின்பக்கமாக விழுவான். தடுக்கி அல்ல, நின்ற இடத்திலேயே வெட்டிய வாழைபோல. லாரியோடு மோல்மேன், மண்டலே என்று சுற்றிக்கொண்டிருந்த நான் அதற்காகத்தான் ரங்கூனுக்குத் திரும்பினேன். மூளையில் ஒரு பகுதி தேய்கிறது, நிதானமும் கண்ணசைவும் போகும், மருந்து இல்லை என்றார் டாக்டர். அபூர்வமான நோயாம். பெயரும் சொன்னார். பாதியில் பள்ளியை விட்ட என் வாயில் அது நுழையவில்லை.

அண்ணனால் கண்ணைக் கீழே இறக்க முடியாது. படி தெரியாதவனை மாடியில் வைக்க முடியுமா? தாமுவே பேட்டையில் கீழ்த்தள அறை கிடைத்ததே பெரும்பாடு. அதற்கும் வந்தது ஆபத்து.

வீட்டுக்காரம்மா பர்மியர். தமிழரைக் கட்டியதால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. மாலையில் வாசலருகே குட்டை முக்காலி போட்டு வெற்றிலை மெல்லுவார். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் குனிந்து கடப்பது இந்த ஊர் மரியாதை. அண்ணனோ விறைத்த கழுத்தோடு, இமைக்காமல், அவர் தலைக்கு மேலே பார்த்தபடி போவான்.

"உங்க அண்ணன் என்ன கவர்னரா?"

"கண்ணு கீழ எறங்காது ஆன்ட்டி. சீக்கு."

"அப்ப சோறு எப்படித் திங்கிறாரு?"

"டின்னு மேல டின்னு அடுக்கி, தட்ட மூஞ்சிக்கு நேரா வச்சுத்தான்."

"புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும் தம்பி. மாசக் கடைசில காலி பண்ணிருங்க."

மறுநாள் மாலை அண்ணனைக் குனிய வைத்தே தீருவது என்று கூட்டிப் போனேன். பின்னாலிருந்து அவன் லுங்கியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தம்மா கிட்ட வந்தாச்சு. குனிண்ணே."

பாதி குனிந்தான். மீதிப் பாதிக்குள் என் மேல் மல்லாந்துவிட்டான். நான் அடியில், அவன் மேலே. அந்தம்மா வெற்றிலை துப்பும் பணிக்கம் உருண்டு எச்சில் முழுக்க என் சட்டையில்.

வீட்டுக்காரம்மா பதறி எழுந்து அண்ணன் முகத்துக்கு மேலே குனிந்தார். மல்லாந்து கிடந்தவன் கண்ணுக்கு நேராக அந்த முகம் வந்தது. இந்த வீட்டில் அவன் அதைப் பார்த்தது அப்போதுதான்.

"அட... ஆன்ட்டி," என்று இழுத்து இழுத்துச் சொன்னான். "இங்கனதான்... இருக்கீங்களா?"

கிடந்தபடியே கும்பிட்டான்.

"எங்கய்யா போவேன்? தெனமும் இங்கதானே குந்தியிருக்கேன்!" என்றவருக்குச் சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. "எழுப்பு தம்பி அவர. இதுக்கு மேல எங்க குனியறது?"

"நானும் அடியிலதான் கெடக்கேன் ஆன்ட்டி. மொதல்ல என்னைய எழுப்புங்க."

இப்போது அவர் மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். அண்ணன் கண்ணுக்கு நேராகத் தெரிகிறார். அவர் உயரத்தில் இருப்பதால் குனியவும் வேண்டாம். மாடிக்காரர்கள்தான் அவரைத் தாண்ட வழியில்லாமல் முணுமுணுக்கிறார்கள்.

நாங்கள் காலி செய்யவில்லை.