பொட்டு வைத்த தொடுதிரை

“ஜித்ராவுக்கா? எனக்கா அட்ரஸ்? கெடாவுல எனக்கு வழி சொல்ல இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்லா!”

இந்தப் பிரகடனம் இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாக்கார் ஆராங்கில் ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் வெளியானது. கைத்தொலைபேசியில்தான் பேசினார், ஆனால் அந்தக் குரலுக்குக் கைத்தொலைபேசி தேவைப்பட்டிருக்காது. பேசியவர் பரஞ்சோதி. மறுமுனையில் அவருடைய ஒரே மகள் ஷாமளா. ஜித்ராவில் புது வீட்டுக்குக் குடிபோகிறோம், விலாசம் அனுப்பவா என்று மட்டும்தான் அந்தப் பெண் கேட்டிருந்தாள்.

கடையில் யாரும் கைதட்டவில்லை. பக்கத்து வரிசை வீட்டுப் பழனியாண்டி மட்டும் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, “அப்ப எப்பண்ணே போறீங்க?” என்று கேட்டார். பிரகடனம் செய்தவர் தேநீருக்குக் காசை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

பிரகடனத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தெற்கே செர்டாங்கிலிருந்து வடக்கே ஜித்ரா வரை முப்பது வருடத்துக்கு மேல் ரொட்டி வேன் ஓட்டியவர் அவர். எந்தத் தோட்டத்து நாய் டயரைக் கடிக்கும், எந்தப் பாலம் முதல் மழைக்கே மூழ்கும், எந்தக் கடைக்காரர் நேற்றைய ரொட்டியை இன்றைய ரொட்டி என்பார், எல்லாம் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் சாலைகள் தமக்காக அப்படியே காத்திருக்கும் என்று நம்பினார். சாலைகள் காத்திருக்கவில்லை. மனைவி பிரேமாவதியும் காத்திருக்கவில்லை; மறு வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஷாமளா கட்டிக்கொண்டது ரோனால்டை. கல்யாணம் தேவாலயத்தில். பரஞ்சோதி போனார், ஆனால் உள்ளே போகவில்லை. பூசை முடியும் வரை வெளியே தம் மோட்டார் சைக்கிளுக்குக் காவல் நின்றார். அந்தத் தேவாலய வாசலில் அதுவரை எந்த மோட்டார் சைக்கிளும் களவு போனதில்லை. அவர் கோபமாக இருந்தார் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. மாப்பிள்ளையைக் கண்டால் நலம் விசாரிப்பார். மகள் வீட்டுக்கு மட்டும் போவதில்லை. கேட்டால் நேரமில்லை என்பார். நேரமோ அந்த வீட்டில் அரிசியைவிட அதிகமாக இருப்பில் இருந்தது.

போன தீபாவளி கழிந்த வாரத்தில் மகளும் மாப்பிள்ளையும் வந்தபோது ஒரு ஜி.பி.எஸ் வாங்கி வந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்தது. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும், கையுறையோடு அமுக்கினாலும் கேட்கும். ரோனால்ட் அதைக் கைப்பிடியில் பொருத்தினான். ஷாமளா திரையின் இடது கீழ்மூலையைக் காட்டினாள். அங்கே குட்டியாக ஒரு வீட்டுப் படம்.

“இத அமுக்குங்கப்பா. நேரா எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துரும்.”

“வீடுன்னு போட்டிருக்கு. அது என் வீடுல்ல?”

“ஒங்க வீட்டுக்குத்தான் ஒங்களுக்கே வழி தெரியுமே.”

பரஞ்சோதி அந்தக் கருவியை மணி பார்க்கப் பயன்படுத்தினார். கெடா மாநிலத்தில் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளில் பொருத்தப்பட்ட கடிகாரங்களுள் விலை உயர்ந்தது அதுவாகவே இருக்கும்.

இந்நிலையில் ஆயுத பூஜை வந்தது. பரஞ்சோதி மோட்டார் சைக்கிளைக் கழுவினார். விளக்குக்கும் சக்கரங்களுக்கும் பொட்டு வைத்தார். ஜி.பி.எஸ்ஸும் ஒரு கருவிதான், அதை விட்டால் பாவம். ஆனால் அதற்கு நெற்றி எது? யோசித்துப் பார்த்து, கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவதுபோல் நான்கு மூலைகளிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். பன்னீரை அளவு பார்க்காமல் ஊற்றிக் குழைத்த சந்தனம் அது. மோட்டார் சைக்கிள் பக்கவாட்டுக் காலில் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. சந்தனமும் பக்தியோடு இடப்பக்கமே வழிந்தது. சக்கரத்தை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, சூடம் காட்டி, கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். மறுநாள் துணியால் துடைத்தபோது, தெரிந்த சந்தனமெல்லாம் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, பாசாருக்கு மீன் வாங்கப் போகும் வழியில், அந்தக் கடிகாரம் வாயைத் திறந்தது.

“பூசிங் பாலேக்,” என்றது ஒரு மலாய்ப் பெண்குரல். திரும்பிப் போ என்று அர்த்தம்.

பரஞ்சோதி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. திரையில் ஜித்ராவுக்கு ஒரு நீலக்கோடு ஓடியது. அவர் அதை நிறுத்தினார். உடனே வீட்டுப் படம் தானாகவே அமுங்கியது. நீலக்கோடு மறுபடி ஓடியது. மீன் வாங்கப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், முடிவெட்டப் போனாலும் அதே குரல், அதே ஊர். எந்தத் திசையில் போனாலும் அது தப்பான திசை என்று அந்தப் பெண் அடித்துச் சொன்னாள்.

“என்னண்ணே, ஒங்க மெஷினு ஒங்களப் போட்டு இந்த அதட்டு அதட்டுது?” என்றார் பழனியாண்டி. “அண்ணி இருந்தப்பகூட இவ்வளவு இல்லயே.”

“டச் ஸ்கிரீன் கோளாறுப்பா. தானா அமுங்குது.”

“அரிசில போட்டு வைங்கண்ணே. ஈரத்த இழுத்துரும்.”

கருவி மூன்று நாள் அரிசி டின்னில் தவம் செய்தது. வெளியே வந்ததும் ஜித்ரா என்றது. அந்த அரிசியைப் பரஞ்சோதி பொங்கித் தின்றார். ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது இன்னும் பிடிபடாததால் ராத்திரியும் அதையே தின்றார்.

பிறகு சுங்கை பட்டாணியில் கைத்தொலைபேசி பழுது பார்க்கும் குழந்தைவேலுவிடம் கொண்டு போனார். அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார்.

“ரீசெட் பண்ணிப் பாக்கலாம்ணே. ஆனா உள்ள உள்ளதெல்லாம் அழிஞ்சிரும்.”

“எல்லாம்னா?”

“சேவ் பண்ணி வச்ச எடமெல்லாம். அது என்ன, அட்ரஸ கேட்டு மறுபடி போட்டுக்கிட்டாப் போச்சு.”

பரஞ்சோதி கருவியை மெதுவாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “வேணாம் தம்பி. நானே பாத்துக்கறேன்.”

குழந்தைவேலுவுக்குப் புரியாத சிக்கல் இது. மகளுடைய புது வீடு எந்தத் தாமான் குடியிருப்பில், எந்தச் சாலையில் இருக்கிறது என்பது பரஞ்சோதிக்கு அந்தப் படத்தைத் தவிர வேறு வழியில் தெரியாது. திரையிலும் விலாசம் என்று எதுவும் இல்லை, ஒரு புள்ளிதான். அதை அழித்தால் மகளிடம் கேட்க வேண்டும். கேட்டால் இரண்டு வருடத்துக்கு முந்தைய பிரகடனம் அதிகாரபூர்வமாக வாபஸ் ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமளா எப்போதும்போல அழைத்தாள். “தீபாவளிக்கு வாங்கப்பா. இந்தத் தடவையும் தனியா இருக்காதீங்க.”

“பாப்பம்மா.”

விலாசம் அனுப்பவா என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தார். கேட்டால், அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கவும் தயாராக இருந்தார்.

“சரிப்பா. ஒங்களுக்குத்தான் வழி தெரியுமே,” என்றாள்.

ஆகவே கருவிக்கான அறுவை சிகிச்சை வீட்டிலேயே நடந்தது. சாப்பாட்டு மேசையில் நாலு நாற்காலி; மூன்றில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருந்தன. யூடியூபில் ஒருவர் இதே மாதிரிக் கருவியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பேசிய மொழி பரஞ்சோதிக்குத் தெரியாது. விரல்கள் பேசியது தெரிந்தது. பின்பக்கத்து நட்சத்திரத் தலைத் திருகாணிகளைக் கழற்றினார். முன்சட்டம் பசை போட்டு ஒட்டியிருந்தது, சூடு காட்டினால்தான் விடும். ஷாமளாவின் அறைக்குப் போனார். அலமாரியில் அவள் விட்டுப்போன முடி உலர்த்தி இருந்தது. அதில் அவளுடைய நீண்ட முடி ஒன்று இன்னும் சுற்றிக் கிடந்தது. அதைப் பிய்க்காமல் சுவிட்சைப் போட்டார்.

“கொஞ்சம் பொறுத்துக்கம்மா,” என்றார் கருவியிடம். சில நாட்களாக அவர் அதோடு பேசிவந்தார். வழி தெரியும், வாயை மூடு, மீன் வாங்கிட்டு வரேன் என்கிற அளவில்தான். ஆனால் அந்த வீட்டில் நடந்த உரையாடல்களில் நீளமானவை அவைதான்.

பழைய பேங்க் அட்டை ஒன்றைச் செருகி நெம்பினார். சட்டம் மேலே வந்தது. இடது கீழ்மூலையில், சட்டத்துக்கும் திரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து கல்லாகி, திரையை ஒரு விரலைப்போல் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. சரியாக வீட்டுப் படத்தின் மேல்.

பரஞ்சோதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குற்றவாளி தன் பூஜைதான் என்று தெரிந்தபோது ஒரு பக்தனுக்கு என்ன தோன்றும் என்பது எந்தச் சாத்திரத்திலும் இல்லை. பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டு ஊறவைத்து, துளித்துளியாக எடுத்தார். உதிர்ந்ததைக் குப்பையில் போட மனம் வராமல் துளசிச் சட்டியில் கொட்டினார். ரப்பர் வளையத்தைத் துடைத்து உட்காரவைத்து, சட்டத்தை மூடி, திருகாணிகளை முடுக்கினார். ஒன்று மிச்சமாயிற்று. தன்மானமுள்ள எந்த மெக்கானிக்குக்கும் ஒன்று மிஞ்சும்.

கருவிக்கு உயிர் வந்தது. வரைபடம் வந்தது. வீட்டுப் படம் தன் மூலையில் சும்மா இருந்தது. அமுங்கவில்லை, நீலக்கோடு இல்லை, குரலும் இல்லை.

வெற்றி. பரஞ்சோதி நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் மாட்டி, பாசார் வரை போய் வந்தார். யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. கோயில் பக்கம் போனார். முடிவெட்டும் கடை வரை போனார். முடி இன்னும் வளரவில்லை. போகிற வழியெல்லாம் காதைக் கருவியின் பக்கமே வைத்திருந்தார்.

“சரியாயிருச்சாண்ணே?” என்று பழனியாண்டி கேட்டார்.

“ஆயிருச்சு.”

“அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“மூஞ்சிக்கு என்ன? நல்லாத்தான இருக்கு.”

அடுத்த நாள்களில் அந்தப் பெண்ணின் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பழுது பார்த்ததில் அவ்வளவு சுத்தம்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை பரஞ்சோதி மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். முறுக்கு டின்னைப் பின்னால் கட்டினார். தெருவின் இருபக்கமும் பார்த்தார், குறிப்பாகப் பழனியாண்டி வீட்டுப் பக்கம். பிறகு சுட்டு விரலால் இடது கீழ்மூலையைத் தொட்டார்.

நீலக்கோடு ஓடியது.

பீடோங், குரூண், அலோர் ஸ்டார். தெரிந்த சாலைதான், இருந்தாலும் அந்தப் பெண் சொன்னதற்கெல்லாம் கீழ்ப்படிந்தார். ஜித்ராவில் ஒரு காலத்தில் அவர் வேனில் கொண்டுபோய் ரொட்டி போட்ட கடை இருந்த இடத்தில் நாலு விளக்குக் கம்பங்கள் நின்றன. அதைத் தாண்டியதும் அவருக்குத் தெரிந்த ஜித்ரா தீர்ந்துவிட்டது. கருவி அவரை வயலோரத்து மண்பாதையில் கொண்டுபோய் நிறுத்தி, வந்துசேர்ந்துவிட்டோம் என்று மலாயில் அறிவித்தது.

முன்னால் அகலமான தண்ணீர் வாய்க்கால். அந்தக் கரையில் புதுத் தாமான். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணமும், அதற்கு மேலே சின்னதாக ஒரு சிலுவையும் தெரிந்தன. கண்ணெதிரேதான். ஆனால் பாலம் எதுவும் தெரியவில்லை. வரைபடத்தில் அந்தத் தாமானே இல்லை, வயல்தான் இருந்தது. நடுவில் அந்தப் புள்ளி மட்டும் தனியாக நின்றது.

பரஞ்சோதி இஞ்சினை அணைத்தார். வந்த வழியைப் பார்த்தார். கெடாவில் அவர் முப்பது வருடம் ஓட்டிய எல்லாச் சாலையும் அவருக்குப் பின்னால் இருந்தது.

கைத்தொலைபேசியை எடுத்தார். வயலில் சில கொக்குகளைத் தவிர யாருமில்லை. இருந்தாலும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“ஷாமும்மா... நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன்.”

பரஞ்சோதி கையை இன்னும் நெருக்கமாக வாயோடு சேர்த்துக்கொண்டார்.

“அங்க எப்படிம்மா வரணும்?”

அவள் சொல்லத் தொடங்கினாள். அவர் இடையில் பேசவில்லை. சரி என்றார். பாலத்துக்கு அப்புறம் இடப்பக்கமா, சரி என்றார். முதல் வளைவா ரெண்டாவதா என்று கேட்டு, மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார்.