புடவை பிரிக்க இடமில்லாத காம்ப்ளெக்ஸ்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்தக் காம்ப்ளெக்ஸ் எழும்பியது எண்பதுகளின் தொடக்கத்தில். கட்டியவர் ஓர் அரிசி மில் முதலாளி. மெட்ராஸுக்குப் போய் மாடிக்கடைகளைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊரிலும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். ஆசைப்படட்டும். ஆனால் மூட்டை அடுக்கியே பழகிய மனுஷன் கட்டிய கடைகள் மூட்டை அடுக்கத்தான் லாயக்காக இருந்தன. மாடிப்படியோ செங்குத்து. திறப்பு விழா முடிவதற்குள் படியோரம் முழுக்க வெற்றிலை எச்சில்.

என் வீட்டுக்காரருக்குப் பட்டு வியாபாரம். கடைத்தெருவில் நல்ல நீளமான வாடகைக் கடை இருந்தது. வெள்ளை மெத்தை விரித்திருக்கும். கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமும் சம்மணம் போட்டு உட்காரலாம். அதை விட்டுவிட்டு, காம்ப்ளெக்ஸ் மாடியில் முதல் ஆளாகப் போய் இடம் பிடித்தார். சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தபோது முகத்தில் ஜமீன் வாங்கிய களை.

நானும் போய்ப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவர் மூக்கில் இடித்தது.

"ஏங்க, ஒரு பொடவைய முழுசா பிரிச்சிக் காட்ட எடம் எங்கங்க?"

"எதுக்குடி பிரிக்கணும்? கண்ணாடி பீரோல பாத்துட்டு ஜல்தியா எடுத்துகினு போயிகினே இருப்பாங்க. மெட்ராஸ்ல எல்லாம் இப்ப அப்படித்தான்."

பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் பேசுகிற பேச்சா இது? கல்யாணப் புடவையை முந்தியிலிருந்து உள்முனை வரை விரித்து, இழை விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று ஆளாளுக்குத் தடவிப் பார்க்காமல் இந்தப் பக்கத்தில் எவள் வாங்குவாள்?

வந்தவர்கள் எல்லோரும் பிரிக்கச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் கடைக்கு வெளியே, பொது நடையில் வைத்துப் பிரித்தார். ஒரு முனை இவர் கையில், மறுமுனை வேலையாள் கையில். பக்கத்து டெய்லர் கடைக்குப் போகிறவர்கள் புடவைக்கு அடியில் குனிந்து புகுந்து போனார்கள். கீழேயிருந்து டீக்கடைப் புகை வேறு. பார்க்க ஏலம் விடுகிற மாதிரி இருந்தது. படவேட்டிலிருந்து வந்த ஒரு கூட்டம் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டது. வியாபாரம் படுத்துவிட்டது, மெட்ராஸ் பெருமை மட்டும் படுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் பெண்ணுக்குத் தேசூரில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தப் புடவை எடுப்பது பிள்ளை வீட்டார். அதை நம் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். தன் பெண்ணுக்குத் தன் கடைப் புடவை. அவர் கேட்டது அவ்வளவுதான். அவர்களும் மரியாதைக்கு மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள். இவர் இருப்பதிலேயே உசத்தியான அரக்குப் புடவையை நடைக்குக் கொண்டுபோய் விரித்தார். எவனோ ஒருவன் பீடியும் கையுமாக அதற்கு அடியில் நுழைந்து போனான்.

மாப்பிள்ளையின் அம்மா கையை இழுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. நாலு பேரு பூந்து போற எடத்துல பிரிச்ச பொடவைய மணையில கட்ட எங்களுக்கு மனசு வரல."

கடைத்தெருவில் வேறு கடைக்குப் போனால் இவருக்கு அவமானம் என்று நினைத்தார்களோ என்னவோ, நேரே காஞ்சிபுரம் போய் எடுத்து வந்தார்கள். ஆரணிப் பட்டு வியாபாரியின் பெண் காஞ்சிபுரத்துப் பட்டு கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

பந்தலில் கடைத்தெரு வியாபாரி ஒருவர் மணையைப் பார்த்துவிட்டு இவரிடம் வந்தார். "சரக்கு ஜோரா கீதே! உங்க கடையிதா?"

இவர் என்னைப் பார்த்தார். அத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்தது.

"ஆமாங்க, எங்க கடையிதுதான்" என்றேன்.