விசாலாட்சி டீச்சரின் மூன்று தொட்டிகள்

கீழ ராஜ வீதியில் வளர்ப்பு மீன் கடையில் தீனி வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. விசாலாட்சி டீச்சர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவர் வீட்டு மீன்களுக்குத் தீனி போடும் வேலை என்னுடையது. கைபேசியில் அவருடைய தம்பி. “அக்கா போயிட்டாங்க டீச்சர்” என்றார். கடைக்காரர் பொட்டலத்தை நீட்டியபடி எந்தத் தொட்டிக்கு என்று கேட்டார். மூன்றுக்கும் என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் சக ஆசிரியர்கள் நீங்கள் எல்லாரும் பேசினீர்கள். கணக்குப் பாடத்தில் ஒரு பிள்ளையைக்கூட விடாமல் தேற வைத்தவர், அதிர்ந்து பேசாதவர், விடுப்பே எடுக்காதவர். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒருவராவது அவருடைய மீன்களைப் பற்றிப் பேசுவீர்கள் என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது எழுந்து, பேசாமலே உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

பழைய மாணவர்கள் நம் பள்ளிக்கு மீன்தொட்டி வாங்கித் தந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தலைமை ஆசிரியர் அறை வாசலில் வைத்திருந்தோம். கடைக்காரர் நிறத்துக்கு ஒன்றாக அள்ளிப் போட்டுக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாளில் அதிலிருந்த சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பேத்திக்கு எடுத்துக்கொண்டு போகிறார் என்று பழி பள்ளிக் காவலர் தலையில் விழுந்தது. அவரை நிறுத்திவிடலாமா என்று பேச்சு நடந்தபோது, விசாலாட்சி டீச்சர் கையில் விடைத்தாள் கட்டோடு வந்து தொட்டி முன்னால் நின்றார். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்த ஆஸ்கர் மீனைக் காட்டி, “இவர்தான் சார்” என்றார். “பக்கத்துல எதை விடலாம்னு பாக்குறதுக்கு முன்னாடி வாயைப் பாக்கணும். அந்த வாய்க்குள்ள போற அளவுல இருந்தா அது தொணை இல்ல, சாப்பாடு.” காவலரின் வேலை தப்பியது. ஆஸ்கரைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். டீச்சர் அதை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

திருக்கோகர்ணத்தில் தம்பி குடும்பத்தோடு அவர் இருந்த வீட்டுக் கூடத்தில் அதற்கென்று மூன்றாவது தொட்டி வந்தது. முதல் தொட்டியில் ஏஞ்சல் மீன்கள், நீண்ட துடுப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாக நகரும். இரண்டாவதில் டைகர் பார்ப், வரி வரியாகச் சின்ன உடம்போடு ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஆஸ்கர் வந்த பிறகு கூடத்தில் நடக்கவே இடம் இல்லை. ஏஞ்சல் தொட்டியில்தான் இடம் கிடக்கிறதே, பார்ப்களை அதில் விட்டால் ஒரு தொட்டி மிச்சமாகுமே என்று ஒருநாள் கேட்டேன். தொங்குகிற துடுப்பைக் கண்டால் பார்ப் கடித்துக்கொண்டே இருக்கும் என்றார். அப்படியானால் அது கெட்ட மீன்தானே என்றேன். “நல்ல மீனு கெட்ட மீனுன்னு ஒண்ணும் கெடையாது டீச்சர். சேராத எடத்துல கொண்டு போயி விடுறோம் பாருங்க, நம்மதான் கெட்டவங்க.”

புது மீன் ஒன்று வாங்க அவர் படும் பாட்டை ஆசிரியர் அறையில் எல்லாரும் கேலி செய்திருக்கிறோம். எவ்வளவு பெரிதாக வளரும், எந்தச் சூட்டில் இருக்கும், கூட்டமாக இருக்குமா, தனியாக இருக்குமா என்று கடைக்காரரைக் குடைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிட மோசமாக இருக்கிறதே என்று ஒருவர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவர் கல்யாணம் ஆகாதவர் என்பது உறைத்து எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். டீச்சர்தான் சிரித்தார். “எனக்கு யாராச்சும் இம்புட்டு வெவரமாப் பாத்திருந்தா நானும் போயிருப்பேன்” என்றார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பார்த்தபோது குரல் மிகவும் தேய்ந்திருந்தது. தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்குவாங்க. ஆனா எது எதோட சேரும்னு ஒங்களுக்குத்தான் தெரியும். ஒண்ணா மட்டும் விட்டுறாதீங்க டீச்சர்” என்றார். விடமாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அடக்கத்தன்று உடலை எடுத்ததும் நாம் பள்ளி வேனில் கிளம்பினோம். அழுகிற வீட்டில் மீன்தொட்டியை எட்டிப் பார்ப்பது நன்றாக இருக்காது, காலையில் வந்துகொள்ளலாம் என்று நானும் ஏறினேன். மறுநாள் போனபோது வீடு முழுக்க பினாயில் வாசனை. தொட்டிகள் மூன்றும் கண்ணாடி பளபளக்கத் தெளிந்த தண்ணீரோடு நின்றன. ஒன்றிலும் மீன் இல்லை. தண்ணீரை மீனுக்கு ஏற்றதாக வைத்திருக்கப் பாசியும் அழுக்கும் ஊறிக் கிடக்கவேண்டிய வடிகட்டிப் பஞ்சுகள் துவைத்துப் பிழிந்து கொடியில் காய்ந்தன.

சாவு எடுத்த வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு வீட்டைக் கழுவி விடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆவூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்தான் என்றாலும் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். குடம், அண்டா, தவலை என்றுதான் நினைத்திருந்தேனே தவிர தொட்டி நினைவுக்கு வரவே இல்லை. தம்பி மனைவி மல்லிகா அழுது வீங்கிய கண்களோடு கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். “தொட்டித் தண்ணியும் வீட்டுத் தண்ணிதானே டீச்சர், அதான் எறைச்சு ஊத்திட்டோம். அண்ணி ஆசையா வளத்ததுக. ஒண்ணு விடாமப் புடிச்சு அண்டாவுல விட்டு மூடி வச்சிருக்கேன், பூனை வந்துறக் கூடாதுல்ல” என்றார்.

அண்டாவை மூடியிருந்த தாம்பாளத்தை நான்தான் எடுத்தேன். ஏஞ்சல்கள் துடுப்புக் கிழிந்து ஒருக்களித்து மிதந்தன. பார்ப்களில் ஒன்றுகூட இல்லை. அண்டாவின் அடியில் ஆஸ்கர் மட்டும் செவுள் அசைய நின்றது. மல்லிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கோபம் உங்களுக்குத் தெரியும். யாரையாவது திட்ட முடிந்திருந்தால் அன்று எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். திட்ட ஆள் இல்லை. அத்தனை பாசத்தோடு, அத்தனை கவனத்தோடு, டீச்சர் கடைசியாகக் கேட்டுக்கொண்ட ஒரே காரியத்தை ஒரே மத்தியானத்தில் அழித்திருந்தார்கள். எதிலும் நம்பிக்கை வைக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. கோயிலில் முழந்தாளிட்டால் ஜெபம் பாதியில் நின்றுபோகிறது. காலம் ஆற்றும் என்று தயவுசெய்து என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஆஸ்கர் இப்போது ஆவூரில் என் வீட்டில் இருக்கிறது. டீச்சரின் விரலிலிருந்து தீனி வாங்கித் தின்ற மீன். நான் கிட்டே போனால் மூலைக்கு ஒதுங்கிவிடுகிறது. நான் நகர்ந்த பிறகுதான் தின்கிறது. முதல் சில நாள் அந்த வாயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கெட்ட மீன் என்று சொல்ல வாயெடுத்தால் அவர் குரல் வந்து நிற்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள், பாவம், ஒற்றையாக நிற்கிறதே, துணைக்கு எதையாவது விடக் கூடாதா என்று. கூடாது என்கிறேன். அவர் இருந்தபோது எது எதோடு சேரும் என்று நிறையக் கேட்டிருக்கிறேன். அதையெல்லாம் வைத்துக் காப்பாற்ற வேறு ஒரு மீனும் மிஞ்சவில்லை. இந்த ஒன்றையும், இதனோடு எதுவும் சேராது என்பதையும்தான் அவரிடமிருந்து நான் வைத்திருக்கிறேன்.