கொதித்த பம்பு

இன்று மதியம் அடுத்த வீட்டு அண்ணாச்சி தன் பழைய காரின் பானெட்டைத் திறந்ததும் சூடான பெட்ரோல் வாடை அடித்தது.

இதே வாடை முன்பொரு நாளும் அடித்தது. அப்போது எனக்கு எட்டு வயது. பிரசவ வலி கண்ட அம்மாவைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு அப்பா தன் வாடகைக் காரில் கொண்டுபோனார். ஆத்தூர் தாண்டியதும் உச்சிவெயிலில் வண்டி நின்றுவிட்டது. அப்பா கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார்.

"பம்பத் தொட்டுப் பாருங்க. கொதிச்சுப்போய் பெட்ரோல் ஏறல" என்றாள் அம்மா.

"சும்மா கெடளா! எனக்குத் தெரியாதா?"

வெகுநேரம் போனது. வண்டி கிளம்பவில்லை.

"ஏளா, பிறக்கப்போற புள்ளைக்கு வச்ச பழந்துணிய நனைச்சு அப்பாட்ட குடு" என்றாள் அம்மா என்னிடம்.

வாய்க்காலில் நனைத்துக் கொடுத்தேன். அப்பா அதைப் பம்பில் சுற்றியதும் வண்டி கிளம்பியது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாகிவிட்டது. தம்பி பிழைத்தான். அம்மா பிழைக்கவில்லை.

பிறகு வண்டி எங்கே நின்றாலும் அப்பா முதலில் பம்பைத்தான் தொடுவார். சுட்டாலும் கையை எடுக்கமாட்டார்.