அக்கா ரேம் மாற்றிய மதியம்

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவரான பிரிவுத் தலைவர்கூட அப்படித்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் ஒரு கருவி. அதை அவர் மறைத்ததே இல்லை. முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவார். வீட்டில் சண்டை முற்றினால் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். கணவர் பாவம், மிச்சக் கோபத்தை அபிநயம் பிடித்துத்தான் காட்ட வேண்டும். அதைப் பார்த்து மகள் சிரித்துவிட்டால் சண்டை முடிந்தது.

ஹார்டுவேர் படித்துவிட்டு வந்தவர், பல வருடங்களைப் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்தே ஓட்டினார். சர்வர் அறை மட்டும் கைக்கு எட்டவில்லை. அங்கே எதைத் திறப்பதானாலும் வெளிக் கம்பெனி ஆள்தான் வரவேண்டும்.

"உள்ள அலாரம் அடிச்சா உங்களுக்குக் கேக்காதேக்கா" என்று தலைவர் இழுப்பார்.

"அந்த ஃபேன் சத்தத்துல யாருக்கு சார் கேக்குது? சிவப்பு லைட் எரியும். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

இதை ஒரு தடவை சொல்லி நிறுத்துகிற ஆள் இல்லை அக்கா. பார்க்கும்போதெல்லாம் சொன்னார்.

கடைசியில் ஸ்கேன் படங்களை வைத்திருக்கும் சர்வர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் ஒரு படத்தைக் கேட்டால், அது வருவதற்குள் நோயாளி தன் குடும்பக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். மெமரியைக் கூட்டியே ஆகவேண்டும். புது ரேம் வந்து இறங்கிவிட்டது, கம்பெனி ஆள்தான் இப்போதைக்கு வர முடியாது என்றார்கள். டாக்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது தலைவர்தான். வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டார்.

"போடுங்க. ஆனா ஏதாவது ஆச்சுன்னா அந்த ரூமை மொத்தமாக் கம்பெனிகிட்டயே ஒப்படைச்சிருவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"ஆகாது சார்" என்றார் அக்கா. அடக்கம் என்பதெல்லாம் அவருக்கு ஆகாத சமாச்சாரம்.

மதியம் ஸ்கேன் பிரிவு ஓய்ந்த நேரத்தில் வேலை ஆரம்பமானது. சர்வர் அறை வாசலிலேயே அக்கா கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே இருக்கும் ஃபேன் இரைச்சல் அதற்குள் போனால் தலை வெடித்துவிடும். சர்வரை முறையாக அணைத்து, மின்கம்பிகளைப் பிடுங்கி, அலமாரியிலிருந்து இழுப்பறை போல வெளியே இழுத்து மூடியைத் திறந்தார். உடம்பின் மின்சாரம் பட்டுப் பாழாகாமல் இருக்க மணிக்கட்டில் பட்டை. சீப்பு அளவிலான ரேம்களை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வைத்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினார். உட்கார்ந்ததும் வரும் 'டக்' சத்தத்தைத்தான் மற்றவர்கள் எதிர்பார்ப்பார்கள். அக்காவுக்கு அது விரலில் கேட்கும்.

மூடியைப் போட்டு, சர்வரை உள்ளே தள்ளி, மின்சாரம் கொடுத்தார். திரை கறுப்பாகவே இருந்தது. எவ்வளவு நேரம் போனாலும் கறுப்பு. கூடவே வந்து நின்ற தலைவர் அக்காவின் தோளைத் தட்டினார்.

"செத்துப்போச்சுக்கா! ஆஃப் பண்ணிப் போடுங்க!" அவருடைய உதட்டில் அக்கா அதைப் படித்துவிட்டார். புது ரேம் போட்டால் சர்வர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அவசரப்பட்டு நடுவில் அணைத்தால் சோதனை முதலிலிருந்து ஆரம்பிக்கும், வேறு கோளாறும் வரலாம். பட்டனை நோக்கி நீண்ட தலைவரின் கையை அக்கா கப்பென்று பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அந்த உள்ளங்கையைக் கொண்டுபோய் சர்வரின் முகப்பில் வைத்து அழுத்தினார்.

"தொட்டுப் பாருங்க. முதல்ல ஃபேன் வெறி பிடிச்ச மாதிரி சுத்துச்சு. இப்ப அடங்குது, மறுபடி ஏறுது. உள்ள வேலை நடக்குது சார்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தலையாட்டினார். இரண்டு பேரும் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்கள். பிறகு திரையில் எழுத்துகள் ஓடின. போட்ட ரேம் அத்தனையும் கணக்கில் இருந்தது. அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெருமையில்தான், வேறென்ன? இத்தனை வருடம் இந்த நிமிஷத்துக்காகத்தானே வாயடித்தார்!

பிரிவுக்குத் திரும்பி அக்கா கருவியை மாட்டிக்கொண்டபோது, படங்கள் சொடுக்கு போடுவதற்குள் திறக்கின்றன என்று ஸ்கேன் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தலைவர் தன் மேசையில் கம்பெனிக்காரரோடு போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க சார்?" அக்கா காதருகே கையைக் குவித்தார். "எனக்குக் கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க யாரும் வர வேண்டாம்னு சொன்னேன்! இனிமே எங்க சர்வர் ரூமை எங்க அக்காவே பாத்துக்குவாங்க!"

பிரிவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதல் தடவை சொன்னதே அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.