தோற்பதற்காக எடுத்த நம்பர்

என் கையில் அப்படி என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஐந்து விரல்கள், ஆள்காட்டி விரலில் மரம் சீவும் கத்தி கிழித்த ஒரு தழும்பு. ஆனால் சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், நான் பாவாடை கட்டித் திரிந்த வயதிலேயே அந்தக் கை பிரபலமாகிவிட்டது.

அதற்குக் காரணம் அப்பா. வாராவாரம் நாலு நம்பர் வாங்குகிறவர் அவர். கடையில் நான்கு இலக்கம் கொண்ட ஓர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும்; குலுக்கலில் அதே எண் வந்தால் பரிசு. ஒரு சனிக்கிழமை, பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதிய காகிதத் துண்டுகளை ஒரு மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக நாலு துண்டுகளை என்னை எடுக்கச் சொன்னார். விளையாட்டு என்று நினைத்து எடுத்தேன். இரண்டாம் பரிசு விழுந்தது. அந்தப் பணத்தில் அவருக்கு மோட்டார் சைக்கிள் வந்தது, அம்மாவுக்குத் தோடு வந்தது, எனக்குக் கைராசிக்காரி என்ற பட்டம் வந்தது. மோட்டார் சைக்கிள் பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போனது. தோடு அடகுக் கடைக்குப் போனது. பட்டம் மட்டும் எங்கும் போகவில்லை.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் கோழி அடைவைக்க என்னைக் கூப்பிடுவார்கள். "உன் கையால முட்டய வச்சிட்டுப் போலா, அத்தனையும் பொரிச்சிரும்" என்பார்கள். பொரித்தால் என் கை. பொரிக்காவிட்டால் கோழியைத் திட்டுவார்கள். என் கை ஒரு நாளும் திட்டு வாங்கியதில்லை.

தோட்டத்தை விற்றார்கள். யாருக்கு விற்கிறோம், எதற்கு விற்கிறோம் என்று எங்களிடம் யார் கேட்கப் போகிறார்கள்? ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு பலகை வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்குக் கல்மலையில் வேலை. வெடி வைப்பவன் வேறொருவன், எப்போது வெடிக்கும் என்று சொல்பவன் வேறொருவன். விசில் ஊதினால் ஓட வேண்டும், திரும்ப ஊதினால் வந்து கல் அள்ள வேண்டும். வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வந்து இருமிக்கொண்டே உட்காருவார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அவர் விருப்பப்படி நடக்கிற காரியம் என்று அவருக்கு வாழ்க்கையில் ஒன்றுகூட இருக்கவில்லை, அந்த டின்னைத் தவிர. இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது எரிச்சல்தான் வந்தது.

ஏனென்றால் பரிசு விழாத ஒவ்வொரு வாரமும் ஒரு சட்டம் கூடிக்கொண்டே போனது. நான் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வெறும் வயிறாக இருக்க வேண்டும். கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். எடுக்கும் வரை யாரோடும் பேசக் கூடாது. அவர் கிளம்பும்போது "எங்க போறீங்க?" என்று அம்மா ஒரு முறை கேட்டுத் தொலைத்துவிட்டார், அந்த வாரத் தோல்வி அம்மா தலையில் விழுந்தது. அதிலிருந்து சனிக்கிழமை வந்தால் அம்மா வாயைத் திறப்பதில்லை. ஒரு வாரம் நான் தும்மினேன், தோற்றோம். ஒரு வாரம் பூனை குறுக்கே போனது, தோற்றோம். தோற்றதற்குக் காரணம் எப்போதும் எங்களில் யாரோ ஒருவர்தான். அந்த எண்கள்மேல் அப்பா ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

அதைவிட மோசம், ஒன்றில் தவறுவது. நான் எடுத்தது 3816, வந்தது 3817. தோற்ற மனிதன் சோர்ந்து வர வேண்டாமா? அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"கிட்ட வந்துட்டோம் தாயி. ஒண்ணே ஒண்ணுலதான் தவறிப்போச்சு. இன்னும் கொஞ்சம் மனச ஒருமிச்சு எடுத்திருந்தா மாட்டியிருக்கும்."

எண்கள் எங்கள் வீட்டை நோக்கி நடந்து வருகிற மாதிரியும் வாசல்வரை வந்துவிட்ட மாதிரியும் பேசுவார். நம்பர் கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒரு தடவை, "நானே ஒரு நம்பர் கொடுக்கவா?" என்று கேட்டாராம். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் குடுக்குறத வாங்குனா அது சூதாட்டம்லா. நாம எடுக்குறது அப்படியா?" என்று எங்களிடம் நியாயம் கேட்டார்.

நான் படிப்பை முடித்த வருஷம் தைப்பிங்கில் நர்ஸாவதற்கான தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. தோட்டத்து மருந்துக்கொட்டகையில் வெள்ளை உடுப்புப் போட்ட மிஸ்ஸியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். பெற்றவரின் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அப்பாவிடம் பேனாவை நீட்டினேன்.

"தைப்பிங்கா? நீ அங்க போயிட்டா நம்பர யாரு எடுப்பா?"

கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். "வேணும்னா கைய மட்டும் வெட்டி வச்சிட்டுப் போறேன்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அம்மா அழுது பார்த்தார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பா இறங்கி வந்தார், அவர் வழியில். "வர்ற சனிக்கிழம எடு. விழலன்னா திங்கக்கிழம நானே கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வாரேன். விழுந்துச்சுன்னா, உன் ராசியே உன்னப் போக வேணாங்குதுன்னு அர்த்தம்."

விழ வாய்ப்பே இல்லை. பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். இருப்பது பத்தாயிரம் எண்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும், விழுந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. என் கைமேல் அப்பாவுக்கு இருந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. ஆகவே தோற்பதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன்.

குளிக்கவில்லை, தலையை மட்டும் நனைத்துக்கொண்டேன். அடுப்படியில் நின்றபடி பழைய சோற்றை மிளகாய்ச் சம்பலோடு பிசைந்து வயிறு முட்டத் தின்றேன். கை சுளுக்கிக்கொண்டது என்று பொய் சொல்லி இடது கையை நீட்டினேன். அப்பா தயங்கினார், பிறகு கடைக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டார். வெளிச்சம் போதவில்லை என்று மேற்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். எடுக்க எடுக்க, என்ன எண் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் சைக்கிளை எடுக்கும்போது வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "அப்பா, எங்க போறீங்க?" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா பயமா தெரியவில்லை.

பிறகு உள்ளே போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்கினேன்.

சாயங்காலம் அப்பா சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஆறுதல் பரிசு. பெரிய தொகை இல்லை, அம்மாவின் தோட்டைக்கூட மீட்க முடியாது. ஆனால் நாலு எண்ணும் அப்படியே விழுந்திருந்தன.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, நான் குளிக்கலப்பா. சாப்பிட்டுட்டுத்தான் எடுத்தேன். கை சுளுக்கல, பொய்யி. வேணும்னே எல்லாத்தையும் மாத்திப் பண்ணேன். அப்படியும் விழுந்துச்சுன்னா இதுல ஒண்ணுமே இல்லப்பா. என் கையில ஒண்ணுமே இல்ல. விட்டுருங்க" என்று கதறினேன். உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்பினேன்.

அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது.

"அப்ப இத்தன வருசமா நாமதான் தப்பா எடுத்துருக்கோம்!" என்றார். "எடது கைதான் தாயி. இனிமே நல்லா சாப்பிட்டுட்டே எடு."

"அவ வாழ்க்கைங்க" என்றார் அம்மா.

"அதுக்குத்தான்லா பாக்குறேன்" என்றார் அப்பா. அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதற்குமேல் அவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அடுக்கிய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே கல்மலை விசில் ஊதியது, பிறகு வெடித்தது. மத்தியானத்துக்கு மேல் அம்மா வந்து பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த மாதமே ஈப்போவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு வாழ்க்கை முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அப்பா சாகும்வரை சனிக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டு இடது கையால் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் விழவில்லை. நான் எனக்கென்று ஒரு நம்பர் வாங்கியதில்லை. எண்களுக்கு நம்மைத் தெரியாது, அதெல்லாம் குருட்டுக் குலுக்கல் என்று என் பிள்ளைகளுக்குப் பொறுமையாக விளக்குவேன். அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை ஒரு விஷயத்தை மட்டும் நான் மாற்ற மறந்துவிட்டேன். டின்னுக்குள் கையை விட்டபோது, பழக்கதோஷத்தில், கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து வைத்திருந்தால் அந்த நம்பர் விழுந்திருக்காது. நான் தைப்பிங்குக்குப் போயிருப்பேன்.