தட்டுக்கு லேபிள் கிடையாது

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் கமிஷன் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கட்டியவர் வைத்தது. கல்யாணமான புதிதில் வெளியே சாப்பிடக் கூட்டிப்போனார் மனிதர். சர்வரை நிற்கவைத்து அவள் கேட்ட கேள்விகளைக் கேட்டு அசந்துபோய், "நான் கட்டிக்கிட்டது பொண்டாட்டியையா, விசாரணைக் கமிஷனையா?" என்றார். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. நாளடைவில் விசாரணை உதிர்ந்து கமிஷன் மட்டும் நின்றுவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவளை வீட்டுத் தரகர் என்று நினைத்து, வாடகைக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்ததும் உண்டு.

அவள் என்ன செய்வாள் பாவம், தொழில் அப்படி. உறையவைத்த சாப்பாடு தயாரிக்கும் தொழிற்சாலையில் லேபிள் பிரிவு அவளுக்கு. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, காலில் ரப்பர் பூட்ஸ். பெல்ட்டில் பொட்டலங்கள் வரிசையாக வரும். உள்ளே இருப்பதும் மேலே ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்து அனுப்ப வேண்டும். என்ன இறைச்சி, பால் உண்டா, கடலை உண்டா, என்றைக்குள் சாப்பிட வேண்டும், ஹலால் முத்திரை இருக்க வேண்டியதில் இருக்கிறதா, இருக்கக் கூடாததில் இல்லையா? ஒன்று மாறியிருந்தாலும் பெல்ட்டை நிறுத்திவிடுவாள். மேலாளரே வந்து முறைத்தாலும் நகரமாட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று ஒட்டியிருக்கும். பக்கத்து டப்பாவில் 'உப்பு, சர்க்கரை அல்ல' என்று ஒட்டியிருக்கும். அது ஒரு நாள் காலை வீட்டுக்காரர் போட்ட காபியின் விளைவு. "என் முதுகுலதான் இன்னும் ஒட்டலை" என்பார் அவர். "உங்களைப் பத்தி எழுத அந்த லேபிள்ல எடம் பத்தாது" என்பாள் அவள்.

இப்படிப்பட்டவளை ஒரு சாப்பாட்டுக் கடையில் கொண்டுபோய் உட்காரவைத்தால்? பொட்டலத்துக்கு ஜாதகமே எழுதி ஒட்டியிருக்கிறது, தட்டில் வருகிற சாப்பாட்டுக்கு ஒரு வரி கிடையாது. அதனால் வாயைத் திறந்து கேட்பாள். "தம்பி, தப்பா நினைக்காதீங்க, ஒரு சின்ன விஷயம்" என்றுதான் ஆரம்பிப்பாள். இறைச்சி ஹலாலா? எல்லாமேவா, சிலது மட்டுமா? எங்கே வாங்குறீங்க? சூப்புக்கு எதோட எலும்பு? கடைசிக் கேள்வி எப்போதும் எண்ணெய். எல்லாத்தையும் ஒரே எண்ணெயில பொரிக்கிறீங்களா?

சண்டை போடமாட்டாள், அதைச் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் முகம் சுளிக்கமாட்டாள். "சரிப்பா, உள்ளதைச் சொன்னியே, நல்லா இரு. எனக்கு ரெண்டு முட்டை போட்டுடு" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வருவாள். "அவங்க எதை வேணும்னாலும் விக்கட்டும். இதுதான்னு சொல்லிட்டு விக்கட்டும். திங்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்" என்பாள். தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் ஒருத்தி சுத்த சைவம், ஆனால் வாயில்லாப் பூச்சி. கேண்டீனில் அவளுக்கும் சேர்த்து இவள்தான் கேட்பாள்.

கேட்பதைப் பார்த்துக் கூசிப்போனவள் மகள் ஒருத்திதான். படிப்பு முடித்த அன்று தோழிகளோடு சாப்பிடப் போன இடத்தில் சர்வருக்குப் பதில் தெரியவில்லை. "பரவாயில்ல, நானே பாத்துக்கறேன்" என்று அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். இறைச்சி வந்த பெட்டியின் அட்டையைக் கையோடு எடுத்துவந்து, "இருக்கு, இருக்கு, எல்லாரும் சாப்பிடுங்க!" என்று கூடத்துக்கே கேட்கும்படி அறிவித்தாள். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் மெனு அட்டைக்குப் பின்னால் ஒளிந்தவள் கடைசிவரை வெளியே வரவில்லை.

அந்த மகள் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பையனை மனதுக்குப் பிடித்துப்போனது. பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அந்தம்மா நடந்து வந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்களாம். இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்திக்க பையன் ஒரு ஹோட்டலில் மேசை சொல்லிவைத்தான். மகள் அன்று இரவே அம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, உன் கால்ல விழறேன். அன்னைக்கு ஒரு நாள் எதையும் கேக்காதே. அவங்க நம்மளை என்ன நினைப்பாங்க? இது என் வாழ்க்கைம்மா."

கண்ணில் தண்ணீர் நின்றது பெண்ணுக்கு. அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "சரிடி, வாயே திறக்கமாட்டேன். போதுமா?" என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். வலிக்கத்தான் செய்தது. பெற்ற பெண்ணே தன்னை மறைத்துவைக்கப் பார்க்கிறாளே என்று இருந்தது. ஆனாலும் செய்தாள்.

ஹோட்டல் வாசலிலேயே சோதனை காத்திருந்தது. கண்ணாடிக் கதவில் 'ஹலால்' என்று வட்டமாக ஒரு ஸ்டிக்கர். வெயிலில் வெளுத்து, ஒரு ஓரம் உரிந்து, யார் கொடுத்தது, எந்த வருஷத்தது என்று ஒன்றும் தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பெல்ட்டில் அப்படி ஒன்று வந்திருந்தால் தொழிற்சாலையே ஸ்தம்பித்திருக்கும். மகள் கையைப் பிடித்து அழுத்தினாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நர்ஸம்மா ஏற்கெனவே வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத புடவை, நிமிர்ந்த முதுகு. வணக்கம், நலம் விசாரிப்பு, வெயில், போக்குவரத்து எல்லாம் ஆயிற்று. மெனு வந்தது. அதில் விலை இருந்தது, படம் இருந்தது, வேண்டியது மட்டும் இல்லை.

"எனக்குப் பசியே இல்லை. ரொட்டியும் சாலடும் போதும்" என்றாள் கமிஷன் அக்கா. மத்தியானத்திலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காதவள் அவள்.

"எனக்கும் அதேதான்" என்றார் நர்ஸம்மா.

வீட்டுக்காரர் மட்டும் குஷியாக இருந்தார். "கதவுலதான் ஒட்டியிருக்கே" என்று சூப், வறுத்த கோழி, சுட்ட மாட்டிறைச்சி என்று அடுக்கினார். பையனும் ஒத்து ஊதினான். ரொட்டிக் கூடை வந்தது. இரண்டு அம்மாக்களும் "நீங்க எடுத்துக்குங்க", "இல்ல, நீங்க முதல்ல" என்று கூடையைத் தள்ளித் தள்ளியே காலி செய்துவிட்டார்கள். பசியில்லாதவர்கள் அப்படிச் சாப்பிட்டு அந்த சர்வர் பார்த்திருக்கமாட்டான்.

பிறகு சூப் வந்தது. பழுப்பு நிறம், ஆவி பறந்தது. வீட்டுக்காரர் கரண்டியை எடுத்தார். எதோட எலும்பு, எதோட எலும்பு என்று அவளுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. சத்தியம் செய்த வாயைத் திறக்க முடியாது. மேசைக்கு அடியில் காலால் ஒன்று வைத்தாள்.

"ஏன் உதைக்கறே?" என்றார் அவர், ஊருக்கே கேட்கும்படி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் வியர்த்தது. இரண்டு கையாலும் மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மகள் அதைப் பார்த்தாள். எந்தக் கடையிலும் கலகலவென்று பேசிச் சிரிக்கிற அம்மா, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு, ஊமையாக உட்கார்ந்திருக்கிறாள். தனக்காக. மகள் சட்டென்று கையை உயர்த்தினாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க, ஒரு சின்ன விஷயம்."

அதே குரல், அதே இழுப்பு. வீட்டுக்காரரின் கரண்டி பாதி வழியில் நின்றது. கமிஷன் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"இறைச்சி எல்லாமே ஹலாலா, சிலது மட்டுமா? எங்கே வாங்குறீங்க? இந்த சூப்புக்கு எதோட எலும்பு?"

சர்வர் விழித்தான். உள்ளே ஓடிப்போய், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்த சமையல்காரரைக் கூட்டிவந்தான். அவர் மறைக்கவில்லை. "கோழி ஹலால்தாம்மா, வாங்குற கடையோட சான்றிதழ் இருக்கு, காட்டறேன். மாட்டிறைச்சி வேற எடத்துல வாங்கறது, அது இல்லை. சூப்பு அந்த எலும்புதான். கதவுல இருக்கறது பழைய முதலாளி ஒட்டினது. யாரும் கேக்கலை, நாங்களும் கிழிக்கலை."

வீட்டுக்காரர் கரண்டியை மெதுவாகக் கிண்ணத்தில் இறக்கி, கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். நர்ஸம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபமா, அழுகையா என்று மகள் பதறிப்போனாள். அந்தம்மா சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

"நல்லா கேட்டேம்மா! நான் கேக்கணும்னு துடிச்சிட்டிருந்தேன். இந்தப் பய, 'பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி எதையும் கேட்டு மானத்தை வாங்காதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

பையன் மெனு அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அந்த இடம் எவ்வளவு வசதியானது என்று மகளுக்குத் தெரியும்.

"அப்போ மாட்டிறைச்சி வேண்டாம். அஞ்சு பேருக்கும் வறுத்த கோழி" என்றாள் மகள் சமையல்காரரிடம். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். கமிஷன் அக்காவின் கால் மேசைக்கடியில் தடதடவென்று ஆடியது. கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே! வாய் வரைக்கும் வந்துவிட்டது. சத்தியம் வேறு குறுக்கே நிற்கிறது. அவள் பரிதாபமாக மகளைப் பார்த்தாள்.

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மாவின் கையை மேசைமேல் எடுத்துவைத்து, எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டாள்.

"கேளும்மா. இனிமே எங்க வேணும்னாலும் கேளு."

அவள் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து நர்ஸம்மா முன்னால் சாய்ந்தார்.

"எண்ணெய்தானே சம்மந்தி?"

சம்மந்தி! அந்த வார்த்தையை அதுவரை அந்த மேசையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. கமிஷன் அக்காவுக்குக் கண் நிறைந்து, கேட்க வந்த கேள்வி வாழ்க்கையிலேயே முதல் முறையாக மறந்துபோனது. நர்ஸம்மாதான் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்.